மைக்கைக் கீழே வைத்த பிறகு: வடசென்னையில் ஆசிரியர்களோடு நான்கு நடைகள்

ஆசிரியர்களுக்குப் பயிற்சியாக நடத்திய முதல் நடைக்கு நான் போட்ட பட்டியலில் ஒன்பது இடங்கள் இருந்தன. ராயபுரம் ரயில் நிலையம், ராயப்பர் ஆலயம், பார்சிகளின் அக்கினி ஆலயம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், ஸ்டான்லி மருத்துவமனை, மாடிப்பூங்கா, ஏழுகிணறு, வால்டாக்ஸ் சாலை, பாரிமுனை. காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் பகல் ஒரு மணிக்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு. இடுப்பில் கட்டும் சின்ன ஸ்பீக்கர், வாயருகே மைக், கையில் குறிப்புத்தாள். இருபத்து மூன்று ஆசிரியர்கள் வந்தார்கள். ஐந்தாவது இடத்தில் பதினான்கு பேர் நின்றார்கள். ஏழாவது இடத்தில் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஓராண்டுக்குள் இன்னும் மூன்று நடைகள் போனோம். மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள்தான் அதிகம். தனியார் பள்ளியிலிருந்தும் சிலர் வந்தார்கள். எல்லாமே சனிக்கிழமைகள். நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன், இந்த நடைகளில் கருத்தாளர். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்க்க ஒரே ஒரு கேள்விதான் வைத்துக்கொண்டோம்: நடைக்கு அடுத்த திங்கட்கிழமை, வகுப்பில் ஏதாவது நடந்ததா?

நடந்து வருபவர்களும் வந்து இறங்குபவர்களும்

பயிற்சி என்றால் ஆசிரியர்களுக்கு என்ன நினைவுக்கு வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான குறுவள மையத்தில் ஒரு வகுப்பறை, சுவரில் பிபிடி, பதினொரு மணிக்கு டீயும் வடையும், மாலையில் பின்னூட்டப் படிவம். அதில் எல்லாரும் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதுவோம். நானும் முப்பது வருடம் எழுதியிருக்கிறேன். ஆண்டுக்கு 50 மணி நேரம் தொடர் பயிற்சி வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அந்தக் கொள்கையை ஏற்பதா வேண்டாமா என்பது தமிழ்நாட்டில் வேறு சண்டை. என்னைக் கேட்டால், மணிக்கணக்கில் குறை இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து வருகிறார்கள். நாம் பொன்னேரியிலிருந்தோ ஆவடியிலிருந்தோ மின்சார ரயிலில் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, பள்ளி வாசலில் இறங்குகிறோம். மாலையில் அதே வாசலில் ஏறிப் போய்விடுகிறோம். ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த சந்து பதினைந்து வருடமாக அங்கே வேலை பார்க்கும் டீச்சருக்குத் தெரியாது. கால்வாய் என்றைக்கு நாறும், எந்தத் தெருவுக்கு லாரித் தண்ணீர் வரும் என்பதெல்லாம் பிள்ளைகளின் அறிவு. ‘உங்கள் பகுதி நீர்நிலைகளைப் பட்டியலிடுக’ என்பது போல ஒரு செயல்பாடு வந்தால், நாம் கரும்பலகையில் காவிரி, வைகை, தாமிரபரணி என்று எழுதுவோம். பள்ளிக்குப் பின்னாலேயே பக்கிங்காம் கால்வாய் ஓடும். பிள்ளைகளும் பார்த்து எழுதிக்கொள்வார்கள், பாவம்.

ஒன்பது இடங்கள்

முதல் நடையில் நான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ஓடியது. அதற்கு முன்பே 1853இல் பம்பாய்க்கும் தானேவுக்கும் இடையில் ரயில் ஓடிவிட்டது என்றாலும், அந்தப் பழைய நிலையக் கட்டடங்கள் இப்போது இல்லை. நம் ராயபுரம் நிலையம் தூண்களோடு நிற்கிறது. ராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வைத்த பெயர், ராயபுரம் அவர் பெயரில் வந்ததாகச் சொல்வார்கள். பார்சிகளின் ஆலயம் 1910இல் கட்டியது. எல்லாவற்றையும் மைக்கில் சொன்னேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். எழுதுகிற பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது.

காசிமேட்டில்தான் எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏலம் நடந்துகொண்டிருந்தது. என் ஸ்பீக்கர் அங்கே எடுபடவில்லை. “ஓரமா நில்லு சார், ஐஸ் வண்டி வருது” என்று ஒரு அம்மா என்னைத் தள்ளிவிட்டுப் போனார். நான் வாயை மூடியிருந்த அந்தப் பத்து நிமிடத்தில் ஆறேழு டீச்சர்கள் ஒரு மீன்காரம்மாவைச் சுற்றி நின்றுவிட்டார்கள். அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: காரப்பொடி, கிழங்கான், வவ்வால், சுதும்பு. இது இந்த மாசத்துல வராது, இது பெத்தவளுக்குக் குடுக்கிறது, இது முள்ளு, கொழந்தைக்கு வேணாம். ஒரு டீச்சர் போனில் பதிவு செய்தார். நான் கடிகாரத்தைப் பார்த்து, “அடுத்த இடத்துக்கு நேரமாச்சு” என்று எல்லாரையும் கிளப்பிவிட்டேன். அன்று காலை முழுவதிலும் பயிற்சி என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அதை நானே கலைத்துவிட்டேன்.

பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள் என்பது பின்னால் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோதுதான் தெரிந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வழியில் கழிப்பறை எங்கே இருக்கும் என்று தெரியாததால் காலையிலிருந்து யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. வெயிலில் நாலு மணி நேரம், ஒரு வாய் தண்ணீர் இல்லாமல். ஒன்பது இடத்துக்கும் ஆண்டு, நாள் எல்லாம் குறித்து வைத்திருந்தவன் இதை ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த நடைக்கும் முதலில் கழிப்பறையைக் குறித்துவிட்டுத்தான் மற்ற இடங்களைக் குறிக்கிறோம். கழிப்பறை இல்லாத வழி, வழியே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. வாட்ஸாப் ஸ்டேட்டஸில் படங்கள் வந்தன. “நல்லா இருந்துச்சு சார்” என்றார்கள்.

ஒரு சுவர்

இரண்டாவது நடைக்கு ஒரே இடம்: பழைய ஜெயில் ரோட்டில் மாடிப்பூங்காவும் அதன் கீழே நிற்கும் பழைய நகரச் சுவரும். பாரிமுனையில் முடித்துக்கொள்வது. மைக்கை வீட்டில் வைத்துவிட்டேன்.

அந்தச் சுவரைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. 1758இல் பிரெஞ்சுப் படை வந்து ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. வந்தவர்களுக்குக் கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த கருப்பர் நகரத்து வீடுகள் நல்ல மறைவிடமாகிவிட்டன. முற்றுகை முடிந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கி, பீரங்கிக்கு எதிரே வெட்டவெளியாக வைத்துக்கொண்டது. மக்கள் வடக்கே நகர்ந்த இடம்தான் இன்றைய ஜார்ஜ் டவுன். 1769இல் ஐதர் அலியின் குதிரைப்படை சென்னை வாசல்வரை வந்து நின்றது. அந்தப் பயத்தில் புதிய நகரத்தைச் சுற்றி வடக்கிலும் மேற்கிலும் சுவர் எழும்பியது. ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டு. சுவருக்காக மக்களிடம் வரி போட நினைத்தார்கள், வசூலிக்க முடியவில்லை. வராத வரி சாலையின் பெயராக மட்டும் நின்றுவிட்டது: வால்டாக்ஸ் ரோடு.

இதையெல்லாம் நான் முதலில் சொல்லவில்லை. இந்தத் தடவை ஒரு துணிக்கடை டேப்பும், தெருவில் வீடு கட்டும் இடத்தில் கேட்டு வாங்கிய ஒரு செங்கலும் கொண்டுபோயிருந்தேன். காரை உதிர்ந்த இடத்தைப் பார்த்து வித்தியாசம் சொல்லுங்கள் என்றேன். கணக்கு ஆசிரியர் ஒருவர் அளக்க ஆரம்பித்தார். இன்னொருவர் செங்கற்களுக்கு நடுவே இருந்ததை நகத்தால் நெருடி, “இது சிமெண்டு இல்லையே” என்றார். சுண்ணாம்பு. அது எங்கிருந்து வந்தது? சென்னைச் சுண்ணாம்பு பெரும்பாலும் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது. கிளிஞ்சல் எங்கே கிடைக்கும்? எண்ணூர் உப்பங்கழியிலும் பழவேற்காட்டிலும். “அப்போ இந்தச் சுவர்ல பாதி நம்ம ஏரியா சார்” என்றார் எண்ணூர்ப் பக்கத்துப் பள்ளி டீச்சர். நான்காவது நடை அங்கேயே முடிவாகிவிட்டது.

பாரிமுனையில், கம்பெனி ஊன்றிய எல்லைத் தூண்களில் மிஞ்சிய ஒன்று இருக்கிறது. 1773 ஜனவரி 1 என்று தேதி போட்டது. இதைத் தாண்டித் தெற்கே வீடு கட்டக் கூடாது என்பதற்கான அடையாளம். இன்றைய உயர் நீதிமன்றம் நிற்பது அப்படி இடித்து வெறுமையாக்கிய நிலத்தில்தான். தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதை நான் சொன்னபோது, சமூக அறிவியல் டீச்சர் ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: “அந்த வீட்டுக்காரங்க எங்க சார் போனாங்க? என் கிளாஸ்ல போன வருஷம் நாலு பிள்ளைங்க பெரும்பாக்கம் போயிட்டாங்க. ஒரு வாரத்துல டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

பெரும்பாக்கம் என்பது, நகரில் வீடு இழந்தவர்களைக் கொண்டுபோய்க் குடிவைக்கும் தென்புறப் புறநகர். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முதல் நடையாக இருந்திருந்தால் மைக்கில் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அந்த டீச்சர் திங்கட்கிழமை பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. “உங்க தெருவுக்கு ஏன் அந்தப் பேரு? வீட்டில கேட்டுட்டு வாங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பினார். மறுநாள் வந்த பதில்களில் பாதி கதை, கால்வாசி ‘தெரியாதாம் மிஸ்’, மீதிக் கால்வாசி அப்பாவும் தாத்தாவும் போட்ட சண்டை. மூன்றாவது நடை அதிலிருந்து பிறந்தது.

பெயர்களின் பின்னால்

தண்டையார்பேட்டை என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சூஃபி கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கியதால் ‘தொண்டியார்’ பேட்டை, அது மருவித் தண்டையார்பேட்டை என்பது ஊரில் எல்லாரும் சொல்லும் கதை. நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அவருடைய தர்கா இங்கேதான் இருக்கிறது, கேட்பதற்கும் அழகான கதை. ஆனால் எழும்பூர், புரசைவாக்கத்தோடு சேர்த்துத் தண்டையார்பேட்டையையும் கம்பெனி 1693இலேயே பெற்றுக்கொண்டது. மஸ்தான் சாகிபு பிறந்தது அதற்கு ஏறத்தாழ நூறு வருடம் கழித்து. ஊர் முதலில் வந்திருக்கிறது, சாகிபு பின்னால்தான் வந்திருக்கிறார்.

இதைக் காலவரிசையாக ஒரு தாளில் எழுதி நீட்டியதும் குழுவுக்குள் பெரிய விவாதம். “கதையைப் பிள்ளைங்ககிட்ட இருந்து பிடுங்கணுமா சார்?” என்று ஒருவர் கேட்டார். பிடுங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். கதை ஏன் பிறந்தது என்று கேட்கலாம். ஒரு ஊர் தன் பெயரை ஒரு பக்கிரிக்குக் கொடுக்க ஆசைப்பட்டிருக்கிறது என்றால், அவர் அங்கே எப்படி வாழ்ந்திருப்பார் என்பதற்கு அதுவும் ஒரு சான்றுதானே.

காலடிப்பேட்டை இதற்கு நேர்மாறு. இறைவன் காலடி பட்ட இடம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரில், நெசவாளர்களைக் குடியேற்றி உருவாக்கிய காலெட்பேட்டை அது. வெள்ளைக்காரர் பெயர் தமிழர் வாயில் விழுந்து பக்தியாக எழுந்துவிட்டது.

அங்கிருந்து திருவொற்றியூர் தியாகராசசுவாமி கோயில். காலைச் சாய்வெயிலில் கல்வெட்டு நன்றாகத் தெரியும் என்பதற்காக ஏழரை மணிக்கே உள்ளே போய்விட்டோம். சுந்தரரும் சங்கிலியாரும் சத்தியம் செய்த மகிழமரம், ஆண்டெல்லாம் கவசத்துக்குள் இருந்து கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் தரிசனம் தரும் ஆதிபுரீசுவரர் எல்லாம் எங்கள் ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் அந்தப் பக்கம் அதிகம் நிற்கவில்லை. நாங்கள் நின்றது கருவறைக்கு வெளியே. பின்பக்கம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும் தூங்கானைமாடம், முதலாம் இராசேந்திரன் காலத்தில் கல்லில் கட்டியது. அதைச் சுற்றிக் கல்லில் எழுத்து.

ஆளுக்கு ஒரு முழம் கல் என்று பிரித்துக்கொண்டோம். மாவு தேய்க்கக் கூடாது, சாக்பீஸ் தொடக் கூடாது, கண்ணால் மட்டும் பார்த்து நோட்டில் வரைய வேண்டும். முதல் கால் மணி நேரம் யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு தமிழம்மா, ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறவர், குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, “இது ‘ய’ மாதிரி இருக்கு… துணைக்கால்… இது ‘ண’வா?” என்று முனகினார். அப்புறம் சட்டென்று நிமிர்ந்தார். “யாண்டு! யாண்டு சார்! ஆனா ‘யாணடு’ன்னு இருக்கு.”

கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தம்மா இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். “நம்ம ஆறாம் கிளாஸ் பசங்க மாதிரியே எழுதியிருக்காங்க. இருபத்தெட்டு வருஷமா புள்ளிக்கு மார்க் குறைச்சிருக்கேன்.” மற்றவர்களுக்கும் அந்த ஒரு சொல் கைச்சாவி ஆகிவிட்டது. அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லும் ‘யாண்டு’ கல்வெட்டுகளில் அடிக்கடி வரும். அதைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நகரலாம். எட்டு மணிக்குப் பிரகாரத்தில் பதினெட்டு ஆசிரியர்கள் சுவரோடு சுவராக நின்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். சாமி கும்பிட வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இதே கோயிலில் ஒரு மண்டபத்தில் பாணினியின் இலக்கணம் கற்பிக்கப்பட்டதையும், அதற்கு நிலம் விட்டதையும் சோழர் காலக் கல்வெட்டு சொல்கிறது என்றேன். “அவங்களுக்கும் கடைசியில ஃபீட்பேக் ஃபார்ம் உண்டா?” என்று யாரோ கேட்டார்கள்.

திங்கட்கிழமை அந்தத் தமிழம்மா கரும்பலகையில் புள்ளியே இல்லாமல் நாலு வரி எழுதிப் போட்டு, படிக்கச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் ஒரே வரியை மூன்று விதமாகப் படித்துவிட்டுச் சண்டை போட்டார்களாம். புள்ளி எதற்கு என்பதை அவர் அன்றைக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

கழியில் ஒரு காலை

எண்ணூர் நடையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பயம் இருந்தது. கோயில் போல, சுவர் போல நிற்கிற இடம் அல்ல அது. சேறு, நாற்றம், வடக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் வந்து சேர்ந்து கடலுக்குள் போகும் இடம். எங்களோடு வரச் சம்மதித்தவர் காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். அவரையும் கருத்தாளர் என்றே பதிவேட்டில் எழுதி, எனக்கு எவ்வளவோ அவ்வளவே அவருக்கும் மதிப்பூதியம் என்று முதலிலேயே முடிவு செய்தோம். கையெழுத்துப் போடும்போது அவர் அந்தச் சொல்லை இரண்டு தரம் படித்தார்.

போகிற வழியில் எண்ணூர் விரைவுச் சாலையோரம் நிறுத்தினோம். ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் கருங்கல் குவியல், அதற்கு அப்பால் கடல். மணற்கரையே இல்லை. “எங்க அப்பா காலத்துல இங்க வலை காய வெப்பாங்க டீச்சர்” என்று கடலுக்குள் ஒரு இடத்தைக் கை நீட்டிக் காட்டினார். ஏன் போயிற்று? அவர் சொன்னார்: “தெக்கேருந்து வர்ற வெள்ளம் தெண்டி. வடக்கேருந்து வர்றது வன்னி. தெண்டிதான் மணலைக் கொண்டாரும்.” இயற்பியல் ஆசிரியர் ஒருவர், “எந்த வருஷ வெள்ளம்ணா?” என்று கேட்டுவிட்டார். மீனவர்களுக்கு வெள்ளம் என்றால் கடலுக்குள் ஓடும் நீரோட்டம். அந்த ஒரு சொல்லிலேயே அரை மணி நேரம் போனது.

நம் கரையில் வருடக் கணக்காகப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வதுதான் அதிகம். 1876இல் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்ட ஆரம்பித்தார்கள். வந்த மணல் தெற்குப் பக்கம் தடுபட்டுத் தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையைத் தின்றது. மெரினாவில் காற்று வாங்கும்போது நாம் மிதிப்பது ஒரு வகையில் வடசென்னையின் மணல். இதைச் சொன்னபோது வழக்கமாகக் குறிப்பெடுப்பவர்கள் யாரும் எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கழிக்கரையில் நீர் இறங்கும் நேரம். ஒரு மூங்கில் குச்சியில் சென்டிமீட்டர் கோடு போட்டுச் சேற்றில் ஊன்றினோம். கால் மணிக்கு ஒருமுறை ஒருவர் போய் நீர்மட்டம் பார்த்து வர வேண்டும். சென்னைக் கரையில் ஏற்றவற்றம் அதிகமாகப் போனாலே ஒரு மீட்டரளவுதான், ஆனால் அந்தச் சின்ன அளவில்தான் கழி மூச்சு விடுகிறது. கணக்கு ஆசிரியர் உட்கார்ந்த இடத்திலேயே வரைபடத்தாளில் புள்ளி வைக்க ஆரம்பித்தார்.

வெண்கண்டல் மரத்தடியில் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள். இலையைத் திருப்பித் தடவினால் விரலில் நறநறவென்று உப்பு. ஒரு உயிரியல் டீச்சர் அதை வாயில் வைக்கப் போனார். “நாக்குல வெக்காதீங்க டீச்சரம்மா. இங்க உப்பு மட்டும் இல்ல” என்றார் அந்த மீனவ அண்ணன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியே இந்தக் கழிக்குள் வந்தது. அவர் தன் தொடையில் கை வைத்து, “இது வரைக்கும் கருப்பு. வலை, படகு, கூழைக்கடா, எல்லாம் கருப்பு” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. குனிந்து சேற்றுக்குள் கையை விட்டார்.

கை வெளியே வந்தபோது அதில் கொத்துக் கொத்தாகக் கறுப்புச் சிப்பிகள், நாரால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. “காக்கா ஆழி. முன்னாடி இது கெடையாது. மஞ்சமட்டி இருந்துச்சு.” தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்த சிப்பி இது. கப்பல்கள் பாரம் சமன்செய்ய ஏற்றி இறக்கும் தண்ணீரோடு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அடிநிலத்தைக் கம்பளம் போல மூடிவிடுகிறது. அதற்குக் கீழே மட்டி வாழாது, இறால் மேயாது. இந்தக் கழியில் இருளர்கள் பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். இப்போது தடவுகிற கையைச் சிப்பி விளிம்பு கீறிவிடுகிறது. அண்ணன் தன் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். டீச்சர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். அதில் பழைய கீறலும் இருந்தது, புதிய கீறலும் இருந்தது.

‘அயல் ஊடுருவும் இனங்கள்’ என்று நான் எத்தனையோ தடவை வகுப்பெடுத்திருக்கிறேன். ஆகாயத்தாமரை, சீமைக்கருவேலம், இரண்டு மதிப்பெண். அந்தக் கையை நான் அதுவரை பார்த்ததில்லை.

திரும்பும்போது முகத்துவாரப் பக்கம் மிஞ்சியிருந்த கொஞ்சம் மணலில் அடும்பு படர்ந்து பூத்திருந்தது. நம் திருவொற்றியூர்த் தமிழம்மாவும் வந்திருந்தார். நெய்தல் திணையில் இருபத்தெட்டு வருடம் நடத்திய கொடி, பார்த்தது அன்றுதான் முதல் தடவை. மானின் குளம்படி போல் இலை என்று சங்கப் பாட்டில் ஓர் உவமை உண்டு. அவர் ஒரு இலையைப் பறித்து இரண்டாக மடித்துப் பார்த்தார், நுனி பிளந்து அப்படியே குளம்பு. அதைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வேனில் ஏறினார்.

கணக்கும் குறையும்

இந்த நடைக்குப் பின்னான திங்கட்கிழமைதான் எங்களுக்குக் கிடைத்தவற்றில் நல்லது. இயற்பியல் ஆசிரியர் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு அகலத் தட்டு வாங்கி, மணல் பரப்பி, தண்ணீர் ஊற்றி, குறுக்கே ஒரு ஸ்கேலை நட்டு, ஒரு பக்கத்திலிருந்து அலை தட்டிக் காட்டினார். ஸ்கேலின் இந்தப் பக்கம் மணல் மேடிட்டது, அந்தப் பக்கம் தட்டு தெரிந்தது. “சார், அந்தப் பக்கம் எங்க வீடு” என்றானாம் ஒரு பையன்.

செலவு பெரிதில்லை. டீ, வேன், இரண்டு மதிப்பூதியம். அக்டோபர் நடுவிலிருந்து மழை, மார்ச் பிறந்தால் வெயில். நடைக்குத் தோதான சனிக்கிழமைகள் ஆண்டுக்குப் பத்துகூடத் தேறாது. இருபது பேருக்கு மேல் போனால் பின்வரிசைக்குச் சுற்றுலா ஆகிவிடுகிறது. வந்த நாளைப் பணிநாளாகக் கணக்கிடும் ஓ.டி. கிடைக்குமா என்ற கேள்விக்கு நாலு நடையிலும் நேரான பதில் கிடைக்கவில்லை. சிலர் சொந்த விடுமுறை நாளைச் செலவழித்து வந்தார்கள்; இதை நம்பி ஒரு திட்டத்தை நீட்ட முடியாது, நீட்டவும் கூடாது.

எல்லாரும் மாறினார்கள் என்றும் சொல்ல மாட்டேன். நாலு நடைக்கும் வந்து, நாலு சான்றிதழும் வாங்கி, வகுப்பில் எதையும் தொடாதவர்கள் உண்டு. பத்தாம் வகுப்பு எடுப்பவர்கள், “போர்ஷன் முடிக்கணும் சார்” என்று கை விரித்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகளைக் கழிக்கு அழைத்துப்போக ஒரு பள்ளியில் அனுமதி கேட்டோம். தண்ணீர், சேறு, பொறுப்பு யாருடையது என்று கோப்பு சுற்றிச் சுற்றி வந்து நின்றுவிட்டது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் தினமும் அந்தக் கழிக்கரை வழியாகத்தான் பள்ளிக்கே வருகிறார்கள்.

அதனால் ஐந்தாவது நடையின் வழித்தடத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளையே போடச் சொல்லியிருக்கிறோம். பள்ளி வாசலிலிருந்து அதிகம் போனால் ஒரு கிலோமீட்டர், இடங்கள் நாலுக்கு மேல் கூடாது, நடக்கப்போவது ஆசிரியர்கள். போன வாரம் வரைபடம் வந்தது. முதல் இடம் ஒரு தெருமுனை அடிபம்பு. பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: ‘இதில் தண்ணி உப்பு. மழைக்கு அப்புறம் ரெண்டு மாசம் உப்பு இருக்காது. ஏன்னு மிஸ்ஸைக் கேக்கணும்.’

அந்தப் பம்பைத் தாண்டித்தான் ஷேர் ஆட்டோ திரும்பும். எங்களில் யாரும் அதில் தண்ணீர் குடித்ததில்லை.